“வீட்டு வேலைதானே மேம்”: சேலத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் திறனைக் கண்டெடுத்த கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தைச் சுற்றியுள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களை ஒரு கட்டாக எடுத்துப் படித்துப் பாருங்கள். பெயரும் பதிவெண்ணும்தான் மாறும். கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவர், குழுவோடு ஒத்துப்போகிறவர் என்ற மூன்றும் எல்லாத் தாளிலும் இருக்கும். சீனியரிடம் வாங்கிய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுத்திருப்பார்கள். ‘வேலை அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கும். சிலர் அந்த வரியையே எடுத்துவிட்டிருப்பார்கள்.

நான் வணிகவியல் துறையில் பாடம் எடுக்கிறேன். பிளேஸ்மென்ட் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி எங்களுடையது. பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரி. அந்த ‘இல்லை’ உண்மைதானா என்று எங்கள் துறையில் கேட்கத் தொடங்கியதிலிருந்து நடந்ததை இங்கே எழுதுகிறேன். இரண்டு மாணவர்களைப் பற்றி விரிவாகவும், மற்றவர்களைப் பற்றித் தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி ஊர், குடும்ப விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். இருவரும் இதைப் படித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்

சிவதாபுரம், பனங்காடு, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும். இளம்பிள்ளையில் தறியும் சேலை வியாபாரமும். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் விலை போடுவார்கள். சங்ககிரியில் லாரித் தொழில், லீ பஜாரில் மொத்த வியாபாரம், மேலே ஏற்காட்டில் காப்பியும் மிளகும். இந்த வீடுகளிலிருந்துதான் எங்கள் வகுப்பு நிறைகிறது. கல்லூரிக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் வேலை, திரும்பிப் போனதும் கொஞ்சம் வேலை, பருவம் வந்துவிட்டால் சனி, ஞாயிறு முழுக்க வேலை. மூன்று வருடப் படிப்பு முடிவதற்குள் இவர்கள் பார்க்கிற கொடுக்கல் வாங்கல், பல அலுவலகங்களில் புதிதாகச் சேர்கிறவர்கள் பார்க்காதது.

பயிற்சிக்கும் குறைவில்லை. 2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ஆங்கிலம், கம்ப்யூட்டர் எனத் திறன் பாடங்கள் செமஸ்டருக்குள்ளேயே வருகின்றன. அதனால் பயன்பெற்ற பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் நேர்காணலில் “நீங்க சமாளிச்ச ஒரு சிக்கலைச் சொல்லுங்க” என்று கேட்டால், சான்றிதழ் வைத்திருப்பவரும் வைத்திராதவரும் ஒரே மாதிரி தலையைக் குனிகிறார்கள். பயிற்சியின் பெயரைச் சொல்கிறார்கள். தான் செய்ததைச் சொல்லத் தெரியவில்லை.

பதினெட்டு கிராம்

முதலாமவர் ஒரு மாணவி. மதிப்பெண் நடுத்தரம். வகுப்பில் கேட்டால் பதில் சொல்வார், தானாக வாய் திறக்கமாட்டார். அவருடைய ரெஸ்யூமேயிலும் அனுபவம் ‘இல்லை’. மாதிரி நேர்காணலுக்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பேசினேன்.

“சாயங்காலம் வீட்டுக்குப் போனா என்னம்மா பண்ணுவ?”

“ஒண்ணும் இல்லீங்க மேம். வீட்ல கொலுசு வேலை. நான் நோட்டு மட்டும் எழுதுவேன்.”

“என்ன நோட்டு?”

“வெள்ளி கொடுக்கறது, வாங்கறது.”

அந்த நோட்டை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். அவருடைய அப்பா கடைக்காரர்களிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கி, தெருவில் உள்ள சில வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் கண்ணி கோர்த்து, பற்றவைத்து, கொலுசாக்கித் திருப்பித் தருகிறார்கள். பேசிவைத்த சேதாரம் போக மீதி எடை சரியாக வர வேண்டும். கூலி கிலோ கணக்கு. ஒவ்வொரு வரியிலும் தேதி, வீட்டுக்காரர் பெயர், கொடுத்த எடை, வந்த எடை, வெட்டுத் துண்டு, வித்தியாசம். பிளஸ் ஒன் படிக்கும் காலத்திலிருந்து அந்த நோட்டு இவர் கையில்தான் இருக்கிறது.

“எப்பவாவது கணக்கு உதைச்சிருக்கா?”

“உதைக்கும் மேம். ஒரு வாரம் சேதாரம் போகப் பதினெட்டு கிராம் வரலை.”

வெள்ளியில் பதினெட்டு கிராம் என்பது அந்தத் தெருவில் சண்டை மூளப் போதுமானது. நான் இன்னும் கேட்டேன். அப்பா கோபமாக ஓர் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். அந்த வாரம் அவருக்குத்தான் அதிக வெள்ளி போயிருந்தது, குறைந்ததும் அவரிடம்தான் அதிகம். “நான்தான், இருங்கப்பா, நோட்டைப் பார்த்துட்டுப் போலாம்னு சொன்னேன்” என்றார்.

நோட்டைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கிலோவுக்கு எவ்வளவு குறைகிறது என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய ஒரே அளவு. “எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே அளவு எடுக்கமாட்டாங்கல்ல மேம்? அதனால தராசு மேல சந்தேகம் வந்துச்சு.”

அந்த வாரம்தான் வீட்டுக்குப் புதிதாக ஓர் எலக்ட்ரானிக் தராசு வந்திருந்தது. காலையில் பழைய தராசில் எடை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், மாலையில் புதிய தராசில் வாங்கியிருக்கிறார்கள். ஒரே கொலுசுக் கட்டினை இரண்டு தராசிலும் வைத்துப் பார்த்தபோது இரண்டும் வேறு வேறு எண் காட்டின. கடைக்காரரின் தராசில் போட்டுப் பார்த்து எது சரி என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடு: கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தராசில், காலையில் வேலை தொடங்கும் முன் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது. இரண்டையும் சொன்னது இந்தப் பெண். அந்த அக்கா வீட்டுக்கு அப்பா போகவே இல்லை.

“இதை ஏம்மா ரெஸ்யூமேல எழுதலை?”

“இது வீட்டு வேலைதானே மேம்.”

இந்தப் பதிலைத்தான் எங்கள் துறை ஆராய வேண்டியதாயிற்று. ஏனென்றால் இவர் அடக்கத்துக்காக மறைக்கவில்லை. சம்பளம் வாங்கவில்லை, சான்றிதழ் இல்லை, கல்லூரியில் யாரும் பார்க்கவில்லை. அதனால் அது கணக்கில் சேராது என்று உண்மையாகவே நம்பினார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய செமஸ்டரில்தான் அடக்கவிலைக் கணக்கியலில் சாதாரண இழப்பு, அசாதாரண இழப்பு என்ற பகுதியைப் படித்துத் தேர்வு எழுதியிருந்தார். எதிர்பார்த்த சேதாரம் சாதாரண இழப்பு. அதற்கு மேல் போன பதினெட்டு கிராம் அசாதாரண இழப்பு. அதன் காரணத்தைத் தேடிப் பிடிப்பது கணக்காளர் வேலை. பாடத்தில் எடுத்துக்காட்டாக வருவது எங்கோ இருக்கும் ரசாயன ஆலை. தன் வீட்டு நோட்டும் அதுவும் ஒரே கணக்கு என்று அவருக்குத் தோன்றக் காரணமே இல்லை.

அனுபவத்திலிருந்து கற்பது பற்றி டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய சுழற்சி ஒன்று உண்டு. ஒன்றைச் செய்கிறோம், அதைத் திரும்பிப் பார்க்கிறோம், அதிலிருந்து பொதுவான ஒரு கருத்தை எடுக்கிறோம், அதை வேறொரு இடத்தில் செய்து பார்க்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் படி தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் நடக்க நேரமோ, கேட்க ஆளோ இல்லை. கல்லூரி செய்யக்கூடியது அந்த நடுப்பகுதிதான் என்று முடிவு செய்தோம்.

முதலில் வேலை, பிறகு பட்டியல்

வேலைக்குத் தயாரான பட்டதாரிக்கு என்னென்ன வேண்டும் என்பதற்கு ஆயத்தப் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரிகளும் வேலை தருவோரும் சேர்ந்த ‘நேஸ்’ என்ற சங்கம் வெளியிட்டது அதிகம் பேசப்படுவது. 2021-இல் திருத்திய அந்தப் பட்டியலில் எட்டு இருக்கின்றன: தன் தொழிலையும் தன்னையும் வளர்த்துக்கொள்வது, எடுத்துச் சொல்லும் திறன், ஆராய்ந்து முடிவெடுப்பது, சமத்துவத்தோடு எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, தலைமை, தொழில் ஒழுக்கம், குழுப்பணி, தொழில்நுட்பம். அமெரிக்க நிலைமைக்காக எழுதியது என்றாலும் எங்களுக்கும் பொருந்துகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் தொழில் ஒழுக்கம் வேண்டும், சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கும் வேண்டும்.

ஆனால் பட்டியலை முதலில் கையில் கொடுத்தால் காரியம் கெட்டுவிடுகிறது. ‘தலைமைப் பண்பு உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்டால் கொஞ்சம் துணிந்த பிள்ளை ‘இருக்கிறது’ என்று எழுதும், கூச்சப்படும் பிள்ளை ‘இல்லை’ என்று எழுதும். இரண்டும் அவர்களுடைய கூச்சத்தின் அளவைத்தான் காட்டும். அதனால் வரிசையைத் திருப்பினோம். முதலில் ஒரு வாரம் முழுக்கத் தாங்கள் செய்த வேலைகளை நோட்டில் எழுத வேண்டும். சாதனை வேண்டாம், வேலை போதும். தண்ணீர் பிடித்தது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, அப்பாவின் லாரிக்கு டீசல் பில் சரிபார்த்தது, எதுவாக இருந்தாலும் சரி.

தமிழில் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அந்த மூன்று பழைய வாசகங்கள்தான் வரும். வேறு எதையும் ஆங்கிலத்தில் சொல்ல அவர்களுக்குப் பழக்கமில்லை. தமிழில் எழுதும்போது வினைச்சொற்கள் வருகின்றன. பிரித்தேன், ஒப்பிட்டேன், கேட்டேன், காத்திருந்தேன், திருப்பி அனுப்பினேன். வேலை தருபவருக்கு வேண்டியது அந்த வினைச்சொற்கள்தான். ஆங்கிலத்துக்கு மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டோம்.

அடுத்தது ஜோடியாக உட்கார்ந்து கேள்வி கேட்பது. ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதுவார். கேட்பவருக்கு மூன்று கேள்வி கொடுத்திருந்தோம். இதில் நீ எடுத்த முடிவு எது? நீ அன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது நடந்ததற்கு என்ன ஆதாரம்? சொல்பவர் தானே எழுதினால் “நோட்டு எழுதுவேன்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். இளம்பிள்ளையிலிருந்து வரும் ஒரு மாணவி, “வாட்ஸ்அப்ல சேலை ஆர்டர் எடுப்பேன்” என்றுதான் சொன்னார். தோழி விடாமல் கேட்டதில், கலர் மாறிப் போய்விட்டது என்று திரும்பி வரும் சேலைகளைக் குறைக்க, பகல் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுப்பது என்று அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தது வெளியே வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: ‘தனியாகச் செய்தேன்’, ‘துணையோடு செய்தேன்’, ‘பார்த்திருக்கிறேன்’. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த எட்டுப் பெயர்ப் பட்டியல். எதை எதோடு சேர்ப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். கொலுசுப் பெண்ணின் பதினெட்டு கிராம் ஆராய்ந்து முடிவெடுப்பதில் சேரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தொழில் ஒழுக்கத்திலும் சேரும் என்று ஒரு மாணவர் வாதாடினார்: “ஆதாரம் இல்லாம யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு நின்னிருக்காங்க மேம், அதுவும் எழுதணும்.” அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மலையிலிருந்து வரும் மாணவர்

இரண்டாமவர் சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். தினமும் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்து, மாலையில் ஏறிப் போகிறார். காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் ஒரு தோட்டத்தில் எடைக் கணக்கு எழுதும் வேலை. காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மீதிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். ஆகவே பழம் எடுப்பது வாரக்கணக்கில் நீளும். எடுப்பவர்களுக்குக் கூலி எடையைப் பொறுத்தது. சாயங்காலம் எடை போடும் இடத்தில்தான் நாளின் முழுச் சச்சரவும் நடக்கும்.

முதல் மாணவிக்கு நேர்மாறாக, இவர் தாராளமாக எழுதியிருந்தார்: “தலைமைப் பண்பு: தோட்டத் தொழிலாளர் குழுவை வழிநடத்தினேன்.” ஜோடியில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே போதுமானதாக இருந்தது.

“நீ சொன்னா அவங்க கேப்பாங்களாடா?”

“மேஸ்திரி சொன்னாத்தான் கேப்பாங்க.”

“அப்ப வழிநடத்தினது நீயா மேஸ்திரியா?”

அவர் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார். அடித்த பிறகுதான் உண்மையில் அவர் செய்தது மேலே வந்தது. எடை எழுதும் முன் எண்ணை உரக்கப் படித்துக் காட்டுவாராம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் தங்கள் எடையைக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுப்பார். வார இறுதியில் கூலி போடும்போது சீட்டும் நோட்டும் ஒத்துப்போனால் பேச்சுக்கே இடமில்லை. இந்த இரண்டையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் ஒரு பாட்டியின் மூட்டையில் காய் அதிகம் கலந்திருக்கிறது என்று மேஸ்திரி எடையைக் குத்துமதிப்பாகக் குறைக்கச் சொன்னார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இவர், மூட்டையைச் சாக்கில் கொட்டிப் பழத்தையும் காயையும் பிரித்துத் தனித்தனியாக எடை போடலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டார். நேரமாகும் என்றாலும் மேஸ்திரி சரி என்றார். பிரித்து எடை போட்டு, இருவருக்கும் எண்ணைக் காட்டினார். பாட்டிக்குக் குறைந்தது, ஆனால் மேஸ்திரி சொன்ன அளவுக்கு இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இதை எப்படி எழுதுவது? எடைக் கணக்கு எழுதியது ‘தனியாகச் செய்தேன்’. தகராறைத் தீர்த்தது ‘துணையோடு செய்தேன்’. யோசனை இவருடையது, முடிவு மேஸ்திரியுடையது. குழுவை வழிநடத்துவது ‘பார்த்திருக்கிறேன்’. ரெஸ்யூமேயில் கடைசியாக நின்ற வாசகம் இது: “காப்பிப் பருவத்தில் தினசரி எடைக் கணக்கு எழுதினேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சரிபார்க்கும்படி சீட்டு முறை கொண்டுவந்தேன், எடைத் தகராறில் பிரித்து எடை போடும் யோசனை சொல்லி இரு தரப்புக்கும் கணக்கை விளக்கினேன்.” முதலில் எழுதியதைவிடச் சின்ன உரிமை கோரல்தான். ஆனால் நேர்காணல் செய்பவர் எத்தனை கேள்வி கேட்டாலும் இது விழாது. ஊதிப் பெரிதாக்கிய வரி இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும், விழும்போது மற்ற வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

அடையாளம் காண்பதால் இன்னொரு பயனும் உண்டு. எது இருக்கிறது என்று தெளிவானவுடன் எது இல்லை என்பதும் தெரிகிறது. இந்த மாணவரிடம் எக்செல் பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தது. வெற்றுத் தாளைத் திறந்து வைத்து, உன் எடை நோட்டை இதில் கொண்டுவா என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பயிற்சியில் அட்டவணை ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்கள். இங்கே தலைப்புகளையே அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதையே அவருக்கு வேலையாகக் கொடுத்தேன். தோட்டக்காரரின் அனுமதியோடு, ஆட்களின் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்து, போன பருவத்து நோட்டை முழுக்க எக்செல்லுக்கு மாற்றினார். மாற்றும்போது கையால் போட்ட கூட்டலில் தவறு இருப்பதையும் கண்டுபிடித்தார். அதைத் தோட்டக்காரரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கல்லூரிக்குள்

எல்லா வீட்டிலும் பட்டறையோ தோட்டமோ இருக்காது. வீட்டில் புத்தகத்தைத் தவிர எதையும் தொடவிடாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுபவத்தைக் கல்லூரிதான் உண்டாக்கித் தர வேண்டும். அதற்காகப் புதிதாக எதையும் தொடங்கவில்லை. துறை மன்ற விழாவின் வரவு செலவுக் கணக்கை ஆசிரியர்கள் எழுதுவதை நிறுத்தி மாணவர்களிடம் கொடுத்தோம். கொட்டேஷன் வாங்குவது, முன்பணம் கொடுப்பது, பில் சேர்ப்பது, கடைசியில் மன்றக் கூட்டத்தில் கணக்கை ஒப்படைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இருப்போம்.

வகுப்பு செமினாரிலும் ஒரு சின்ன மாற்றம். குழுவாகச் செய்து முடித்ததும் ஒவ்வொருவரும் தான் செய்ததை ஒரு பத்தியும், குழுவில் இன்னொருவர் செய்ததை ஒரு பத்தியும் எழுத வேண்டும். இரண்டாவது பத்தியால் பெரிய வித்தியாசம் வந்தது. சண்டை வராமல் பார்த்துக்கொண்ட அமைதியான பிள்ளையின் பெயர் அங்கேதான் முதன்முதலாக எழுத்தில் வந்தது. இதற்கு மதிப்பெண் போடுவதில்லை என்று துறையில் பேசி வைத்துக்கொண்டோம். மதிப்பெண் வந்தால் ஒருவரை ஒருவர் புகழ்ந்து எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்தில், ஒவ்வொரு ஆசிரியரும் செமஸ்டருக்கு ஓர் அசைன்மென்ட்டில் மட்டும், அது எந்தத் திறனுக்கானது என்று தமிழில் ஒரு வரி எழுதித் தருகிறோம். எல்லா அசைன்மென்ட்டுக்கும் எழுத வேண்டும் என்றால் யாரும் செய்யமாட்டார்கள். கல்லூரி வேலைப்பளு எனக்குத் தெரியும்.

எழுத வேண்டாம் என்றவர்கள்

இந்த முறையில் நான் மிகவும் கவனமாக இருக்க விரும்புவது இங்கேதான். ஒரு மாணவியின் தந்தைக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஆஸ்பத்திரி நாள், மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் அவர்தான் பார்க்கிறார். கேட்ட தோழிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதை அவசியம் எழுத வேண்டும் என்றார். அந்த மாணவி வேண்டாம் என்று சொன்னார். அப்பாவின் நோயைக் காட்டி வேலை கேட்பதாகத் தனக்குத் தோன்றும் என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை, அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். எதைச் சொல்வது என்ற உரிமை சொல்பவருக்கு மட்டும்தான். இதை இப்போது நோட்டு கொடுக்கும் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு மாணவர் இரவு ஹோட்டலில் வேலை செய்துவிட்டு, தூக்கம் இல்லாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய நோட்டைப் படித்தால் வாடிக்கையாளரைச் சமாளிக்கும் திறனும் கணக்கும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவருக்கு உடனே வேண்டியது ரெஸ்யூமேயில் ஒரு நல்ல வரியல்ல, இரவில் தூங்க வழி. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவதற்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்பது அந்த நோட்டைப் பற்றிப் பேசும்போதுதான் தெரிந்தது. முதலில் அதைச் சரிசெய்தோம். பிள்ளைகளின் உழைப்பை மதிப்பது வேறு, அந்த உழைப்பு அவர்கள் படிப்பைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு பாராட்டுவது வேறு. இரண்டாவதை எந்த ஆசிரியரும் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன்.

வேலை தருபவர்கள் பார்த்தபோது

தாள்கள் தயாரானதும் சேலத்தில் ஆட்கள் எடுக்கும் சிலரை வரச்சொல்லி, சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, நம்பிக்கை தராத வரிகளை அடிக்கச் சொன்னோம். ஆடிட்டர் ஒருவர் முதலில் அடித்தது, எங்கோ தப்பிப் பிழைத்திருந்த ‘கடின உழைப்பாளி’. பதினெட்டு கிராம் வரியில் நின்றார். அந்த மாணவியைக் கூப்பிட்டு, தராசுதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவர் கிலோவுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கைத் தமிழிலேயே சொன்னார். “டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு எழுத நாங்க சொல்லித் தருவோம் மேடம். கணக்கு ஒத்துவரலைன்னா யாரையும் குத்தம் சொல்லாம உட்கார்ந்து தேடுற பொறுமைதான் எங்களுக்கு வேணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அலுவலகத்திலேயே மாணவிக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. வாடிக்கையாளர்களில் வெள்ளி வியாபாரிகளும் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும்படி வெளியாளிடம், பொருள் அனுப்பினால் டெலிவரி சலான் போட வேண்டும். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். பொருள் போவதும் வருவதும் அவருக்குக் கைவந்த விஷயம். சட்டப் பிரிவும் படிவமும்தான் புதிது. கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கையோடு ஒப்பிடும் வேலையைக் கொடுத்தபோது, “இதுவும் கொடுத்த எடை, வந்த எடைதான் மேம்” என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். படிப்பு முடிந்ததும் அங்கேயே சேர்ந்துவிட்டார். போனில் ஆங்கிலத்தில் பேசுவதற்கு இன்னும் தயங்குகிறார். அதற்காக அலுவலகத்தில் தினமும் ஓர் அழைப்பையாவது தானே எடுக்கிறார்.

மலை மாணவர் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் தேர்வில் ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் தேறவில்லை. எங்கள் முறை அதற்கு உதவாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், முதலாண்டிலிருந்தே வேண்டும். பிறகு சேலம் புறநகரில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். நேர்காணலில் எக்செல் தாளைக் காட்டினாராம். கேட்டவர் அதைவிடத் துண்டுச் சீட்டு முறையைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம்.

இப்போது இரண்டாம் ஆண்டிலேயே நோட்டைத் தொடங்குகிறோம். இறுதியாண்டில் தொடங்கினால் இல்லாததைக் கட்டி எழுப்ப நேரம் போதவில்லை. பிற துறைகளும் கேட்டிருக்கின்றன. தமிழ்த் துறை ஆசிரியர்கள் எங்கள் கேள்விகளில் இரண்டைத் திருத்தி இன்னும் எளிதாக்கித் தந்தார்கள். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. காப்பிப் பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகிறது, செமஸ்டர் தேர்வும் மாதிரி நேர்காணல்களும் அதே மாதங்களில் வந்து விழுகின்றன. ஏற்காட்டுப் பிள்ளைகளின் வருகைப் பதிவு அப்போதுதான் குறைகிறது. தேர்வுத் தேதி எங்கள் கையில் இல்லை. மாதிரி நேர்காணலை மார்ச்சுக்குத் தள்ளும்படி கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த துறைத் தலைவர்கள் கூட்டத்தில் அது பேச்சுக்கு வருகிறது.